கணினிப் பரீட்சையும் செய்நிரலாளர் ஒழுங்கும்

பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதமே உண்டு என்ற நிலை வந்தவுடன், உயர்தர வகுப்பு மாணாக்கர் உள்ள வீடுகளிலே விளக்கு நெடுநேரம் எரியத் தொடங்குகின்றது. மேசைமீது கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்கள் அடுக்கப்படுகின்றன. அவற்றின் விடைகள் ஒரு கொப்பியிலே அழகாக எழுதப்பட்டு, மீண்டும் மீண்டும் வாசிக்கப்படுகின்றன. பாடம் வரலாறாயினும் இலக்கியமாயினும் இம்முறை ஓரளவு கைகொடுக்கும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என்னும் பாடத்திலோ, சிறப்பாகச் செய்நிரல் எழுதும் பகுதியிலோ, அது பெரும்பாலும் கைவிட்டுவிடுகின்றது. மனனஞ் செய்த செய்நிரலில் ஒரேயொரு நிபந்தனையை மாற்றி வினா அமைந்துவிட்டால், பல மாதம் படித்தவனும் பேனாவைப் பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான்.

இஃது அறிவுக் குறைவினால் நேர்வதன்று. ஆயத்தத்தின் வகை பொருந்தாமையால் நேர்வது. செய்நிரல் என்பது ஒப்புவிக்கும் செய்யுளன்று. தச்சு வேலை போன்றதொரு கைத்தொழில். தச்சன் செய்த கதவைப் பார்த்துப் படம் வரைந்து கொண்டவன் கதவு செய்யக் கற்றவனாகான். உளி எவ்விடத்தில் வழுக்கும், பலகை எவ்விடத்தில் வெடிக்கும் என்பவற்றை அறிந்து, அளந்து, பொருத்திப் பார்த்து, மீண்டும் சீவுகின்ற பழக்கத்தினாலேயே தச்சன் தச்சனாகின்றான். செய்நிரல் எழுதுதலையே தொழிலாகக் கொண்டோரிடத்தும் இத்தகைய பழக்கங்கள் சில உள்ளன. அவற்றைப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணாக்கர் எவ்வாறு கைக்கொள்ளலாம் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

முதலிலே பரீட்சையின் இயல்பு நோக்கத்தக்கது. இலங்கையின் கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சையில் இப்பாடத்துக்கு இரு வினாத்தாள்கள் உண்டு. முதலாவதில் 50 பல்தேர்வு வினாக்கள். காலம் 2 மணித்தியாலம். இரண்டாவதில் அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டுரை வினாக்களும். காலம் 3 மணித்தியாலம். எண் முறைமைகள், தருக்கப் படலைகள், தரவுத்தளம், வலையமைப்பு, முறைமைப் பகுப்பாய்வு, பைதன் மொழியிற் செய்நிரலாக்கம் முதலியன எல்லாம் இவற்றுள் அடங்கும். ஆயினும் விந்தை யாதெனின், கணினி பற்றிய இப்பரீட்சையை எழுதுகின்றவன் முன்னே கணினி இல்லை. தாளும் பேனாவுமே உள்ளன. பொறியை இயக்கிப் பார்த்துப் பிழையை அறியும் வாய்ப்பு அங்கே கிடையாது. எழுதிய செய்நிரல் என்ன செய்யும் என்பதைத் தன் மூளையைக் கொண்டே அறிய வேண்டும்.

இதனால் வேறோர் உண்மையும் வெளிப்படுகின்றது. வீட்டிலே கணினி இல்லாத பிள்ளைகள் பலர். பாடசாலையின் கணினிக் கூடத்திலே ஒரு பொறிக்கு இருவர் மூவர் அமரும் நிலையும் பலவிடங்களில் உண்டு. அத்தகைய பிள்ளையும் அதன் பெற்றோரும், இப்பாடம் வசதியுள்ளோர்க்கே உரியது என்று மனந்தளர்ந்து போகின்றனர். கலை, வர்த்தகம், தொழினுட்பம் எனப் பல பிரிவினரும் கற்கக்கூடிய பாடம் இது. பல்கலைக்கழக அனுமதியோ இசட் புள்ளியின் சிறு வேறுபாட்டிலே தங்கியிருக்கின்றது. ஆகவே அந்த மனத்தளர்ச்சி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையே மாற்றிவிடக் கூடும். ஆனால், தொழில் வல்லாருடைய பழக்கங்களுட் பல, பொறி அரிதாயிருந்த காலத்திலே தாளின்மீது தோன்றியவை என்பதை அறிந்தால் அத்தளர்ச்சிக்குப் பெரிதும் காரணமிராது.

1950களிலும் 1960களிலும் கணினி ஒரு பெரிய அறையை நிறைத்து நின்ற பொறி. பலர் பணிக்கும் அது ஒன்றே. செய்நிரலை அட்டைகளிலே துளையிட்டு, அவ்வட்டைக் கட்டை இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டு, பல மணி நேரம், சிலவேளை மறுநாள் வரையும், விடைக்காகக் காத்திருந்தனர். ஓர் எழுத்துப் பிழையிருப்பினும் அந்நாள் வீண். ஆதலால் அட்டைக்கட்டை ஒப்படைக்கு முன்னரே, மேசையில் அமர்ந்து, தாமே பொறியாகி, வரிவரியாகச் செய்நிரலை இயக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டாயிற்று. மேசைச் சோதனை என்று அதற்குப் பெயர். இன்று பரீட்சை மண்டபத்தில் அமரும் மாணாக்கன் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஒருமுறைதான் ஒப்படைக்கலாம், ஒப்படைத்தபின் திருத்த இயலாது.

இனிப் பழக்கங்களை ஒவ்வொன்றாக நோக்கலாம்.

முதலாவது பழக்கம், வேண்டப்படுவது யாது என்பதை எழுதி உறுதிசெய்தல். தொழிற்கூடத்திலே, செய்நிரல் எழுதுவதற்கு முன் தேவைகள் ஆராயப்படுகின்றன: உள்ளே வருவது எது, வெளியே செல்வது எது, அவை எந்த அலகில், எந்த வடிவில் அமையவேண்டும் என்பன. இதிற் சிறு தவறு நேர்ந்தால் விளைவு எத்தகையது என்பதற்குச் செவ்வாய்க் கோளை நோக்கி நாசா அனுப்பிய ஒரு கலம் சான்று. செவ்வாயின் காலநிலையை ஆராய 1998 டிசம்பரில் ஏவப்பட்ட அக்கலம், 1999 செப்டெம்பர் 23ஆம் நாள் கோளை அண்மித்தபோது தொலைந்துபோயிற்று. தரையிலிருந்த ஒரு செய்நிரல் உந்துவிசைக் கணக்கை இறாத்தல் அலகிற் கொடுத்தது; அதைப் பெற்ற மற்றச் செய்நிரலோ நியூட்டன் அலகில் வந்ததாகக் கொண்டது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 4.45 மடங்கு வேறுபாடு. செய்நிரலாளர்க்குக் கணிதம் தெரியாமையால் வந்த பிழையன்று இது. அலகு பற்றி எழுதிவைத்திருந்த விதியைப் பின்பற்றாமையால் வந்தது.

பரீட்சையிலும் இவ்வாறே நிகழ்கின்றது. சராசரியைக் காண்க என்று வினா கேட்க, மொத்தத்தைக் காட்டி நிறுத்திவிடுகின்றனர். 40 புள்ளிக்கு மேல் என்றிருக்க, 40ஐயும் சேர்த்து எண்ணிவிடுகின்றனர். ஆகவே வினாவை வாசித்தவுடன் விடைத்தாளின் ஓரத்திலே மூன்று குறிப்பு எழுதுதல் நன்று: தரப்படுவது, கேட்கப்படுவது, நிபந்தனை. ஒரு நிமிடமே செல்லும். அந்த ஒரு நிமிடம் பிழையான வழியிற் செல்லும் 20 நிமிடத்தைக் காப்பாற்றும்.

இரண்டாவது பழக்கம், செய்நிரல் எழுதுமுன்னரே அதற்குரிய சோதனைகளை வகுத்துக்கொள்ளுதல். கென்ட் பெக் என்னும் அமெரிக்கச் செய்நிரலாளர் இவ்வொழுங்கைப் பெரிதும் பரப்பியவர். இன்ன உள்ளீட்டுக்கு இன்ன விடை வரவேண்டும் என்று முதலிற் குறித்துவிட்டு, அதன்பின்னரே செய்நிரலைத் தொடங்க வேண்டும் என்பது அவர் முறை. சோதனைக்குரிய உள்ளீடுகளைத் தெரிந்தெடுக்கும்போது நடுவிலுள்ளவற்றைவிட எல்லையில் நிற்பவற்றையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். பிழைகள் பெரும்பாலும் எல்லையிலேயே ஒளிந்திருக்கின்றன.

வேலி அடைக்கும் வழக்கமுள்ள ஊரவர்க்கு இவ்வுண்மை புதியதன்று. 30 முழ நீளமான வேலிக்கு 3 முழத்துக்கு ஒன்றாகக் கதியால் ஊன்ற வேண்டுமாயின் எத்தனை கதியால் வேண்டும்? 30ஐ 3 ஆற் பிரித்து 10 என்பான் அவசரக்காரன். நிலத்தில் ஊன்றிப் பார்த்தவனோ 11 என்பான். இடைவெளிதான் 10, கதியால் 11. செய்நிரலாளரிடையும் வேலிக்கம்பப் பிழை என்றே இதற்குப் பெயர் வழங்குகின்றது. பைதன் மொழியில் 1 முதல் 10 வரை என எண்ணி, றேஞ்ச் என்னும் கட்டளைக்கு 1, 10 என இரு எண்களைக் கொடுத்தால், அது 9 உடன் நின்றுவிடும், 10 சேராது. இதனை மறந்த காரணத்தால், செய்நிரல் முழுவதும் சரியாயிருந்தும் விடை பிழைத்துப்போனவர் பலர்.

மற்றோர் எடுத்துக்காட்டு வருமாறு. ஒரு பட்டியலிலுள்ள எண்களுள் மிகப் பெரியதைக் கண்டுபிடிக்க வேண்டும். மாணாக்கர் பெரும்பாலும் 'பெரியது' என்னும் மாறிக்கு முதலில் 0 என்னும் பெறுமானத்தைக் கொடுத்து, ஒவ்வோர் எண்ணையும் அதனோடு ஒப்பிட்டு, மிகுதியானதை ஏற்றுக்கொள்வர். பரீட்சைப் புள்ளிகளுக்கு இது சரியான விடையைத் தரும். ஒரு கடையின் மூன்று நாட் கணக்கோ நட்டமாக, மறை எண்ணாக, −200, −50, −120 என இருந்தால்? பட்டியலில் இல்லவே இல்லாத 0 விடையாக வரும். பட்டியலின் முதல் எண்ணையே தொடக்கப் பெறுமானமாகக் கொண்டால் −50 என்ற சரியான விடை கிடைக்கும். மறை எண்கள் மாத்திரமுள்ள பட்டியல் ஒன்றைச் சோதனையாக முன்னரே குறித்திருந்தவன் இப்பிழையைச் செய்யான். ஒரே எண்ணுள்ள பட்டியல், எல்லா எண்ணும் சமமான பட்டியல், ஒன்றுமே இல்லாத வெறும் பட்டியல் ஆகிய மூன்றையும் எப்போதும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது பழக்கம், மேலே குறித்த மேசைச் சோதனை. ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல் கீறி, படிதோறும் அதன் பெறுமானத்தை எழுதிச் செல்லுதலே இதன் முறை. இதனால் வரும் பயனைத் துவிதத் தேடல் என்னும் வழிமுறை நன்கு காட்டும். அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவோர் முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லை. நடுவிலே திறந்து, தேடும் சொல் முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்று கண்டு, ஒரு பாதியை விட்டு மறுபாதியை மீண்டும் இருகூறாக்குவர். வரிசைப்படுத்திய 1,000 எண்களுள் ஒன்றை இவ்வாறு தேடினால், மிகுதியாக 10 முறை பார்த்தாற் போதும். 2ஐப் 10 முறை பெருக்கினால் 1,024 ஆவதே அதற்குக் காரணம்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வழிமுறை அறிஞரையும் வழுக்கி விழச் செய்தது. இம்முறை முதலில் வெளியிடப்பட்டது 1946இல். எல்லா நீளமுள்ள பட்டியலுக்கும் பொருந்தும் பிழையற்ற செய்நிரல் 1962 வரை வெளிவரவில்லை என்று, டொனால்ட் குனூத்தின் ஆராய்ச்சியை எடுத்துக்காட்டி ஜோன் பெந்த்லி எழுதியுள்ளார். பெந்த்லி தாமும் ஒரு பரிசோதனை செய்தார். தொழில்முறைச் செய்நிரலாளர் நூற்றுவர்க்கு மேற்பட்டோரிடம் இம்முறையை விளக்கி, இரண்டு மணித்தியாலமளவு கொடுத்து எழுதச் செய்தார். பின் தாமே சோதித்துப் பார்த்தபோது அவர்களுட் பெரும்பாலோர் தத்தம் செய்நிரலிற் பிழை கண்டனர். 2006ஆம் ஆண்டிலோ, ஜாவா மொழியின் நூலகத்திற் பல ஆண்டு வழங்கிவந்த துவிதத் தேடற் செய்நிரலிலும் பிழையுண்டு என ஜோசுவா புளொக் அறிவித்தார். பட்டியல் மிகப் பெரிதாயின், இரு எல்லைகளையும் கூட்டி இரண்டாற் பிரிக்குமிடத்தில், அக்கூட்டுத்தொகை 2,147,483,647 என்னும் எல்லையைக் கடந்து மறை எண்ணாக மாறிவிடும் என்பதே அப்பிழை.

மாணாக்கர் செய்யக்கூடிய பிழையொன்றைத் தாளிலே பார்க்கலாம். 4, 9, 15, 22, 31, 40, 58 என ஏழு எண்கள் வரிசையில் உள்ளன. அவற்றின் இடங்கள் 0 முதல் 6 வரை. 58ஐத் தேடவேண்டும். கீழ் எல்லை 0, மேல் எல்லை 6, நடு 3, அங்குள்ளது 22. தேடுவது அதனினும் பெரிது. ஆகவே கீழ் எல்லை 4 ஆகின்றது. இப்போது நடு 5, அங்குள்ளது 40. கீழ் எல்லை 6 ஆகின்றது. இந்நிலையிற் கீழும் மேலும் ஒன்றே, அதாவது 6. சுற்று தொடர்வதற்கு 'கீழ் எல்லை மேல் எல்லையிலும் சிறிதாயின்' என்று நிபந்தனை எழுதியவனுடைய செய்நிரல் இவ்விடத்தில் நின்று, 58 இல்லை என்று கூறிவிடும். 'சிறிதாயின் அல்லது சமமாயின்' என்று எழுதியிருந்தால், ஆறாம் இடத்தையும் பார்த்து, உண்டு என்று கூறும்.

இப்பிழையுள்ள செய்நிரலை 22, 9, 40 ஆகியவற்றாற் சோதித்தால் மூன்றுக்கும் சரியான விடையே வரும். 4, 15, 31, 58 ஆகிய நான்குக்குமே பிழைக்கும். அதிட்டவசமாக நல்ல மூன்றையும் தெரிந்தெடுத்தவன் தன் செய்நிரல் சரியென நம்பிவிடுவான். சோதனையானது பிழை உண்டு என்பதைக் காட்ட வல்லது. பிழை இல்லை என்பதை நிறுவ வல்லதன்று என்று ஒல்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ற்றா கூறிய கருத்து இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஆகவே சோதனையோடு, இந்நிபந்தனை ஏன் இவ்வாறு அமைந்தது என்று நியாயமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது பழக்கம், எழுதியதைப் பிறர் கண்ணாற் பார்த்தல். தான் எழுதியதிலே தன் கண்ணுக்குப் பிழை தெரிவதில்லை; எழுதியதை விடுத்து, எழுத நினைத்ததையே கண் வாசிக்கின்றது. இதனை அறிந்து, ஐ. பீ. எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கல் பேகன் 1976இல் செய்நிரலை முறையாகப் பார்வையிடும் ஒழுங்கொன்றை விவரித்து வெளியிட்டார். சிலர் கூடி வரிவரியாக வாசிப்பர். பிழையைக் கண்டுபிடித்துக் குறிப்பதே அக்கூட்டத்தின் வேலை. அங்கேயே திருத்த முற்படுவதன்று. அதற்கு முன்னரே, 1971இல், ஜெரல்ட் வைன்பேர்க் என்பார் செய்நிரலாக்கத்தின் உளவியல் பற்றி எழுதிய நூலில், செய்நிரலாளர் தமது செய்நிரலைத் தம் மானத்தோடு பிணைத்துக்கொள்ளலாகாது என்று வற்புறுத்தினார். பிழை தாளில் இருக்கின்றது. ஆளில் அன்று என்பது அவர் கருத்தின் சாரம்.

பாடசாலையில் இதனை நடைமுறைப்படுத்தல் கடினமன்று. வாரத்தில் ஒரு பாடவேளையில் நால்வர் கொண்ட குழுக்களாக அமர்ந்து, விடைத்தாள்களை மாற்றி, ஒருவர் செய்நிரலை மற்றொருவர் உரக்க வாசித்து இயக்கிக் காட்டலாம். எழுதியவன் வாய் திறத்தலாகாது. ஏனெனில் பரீட்சகரிடத்திலும் அவன் வாய் திறக்க முடியாது. நகையாடுதல் முற்றாக விலக்கப்பட வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளையின் தாளிலும் பிழை காணப்படும்போது, பின்தங்கிய பிள்ளைக்குத் தன் பிழையைக் காட்டும் துணிவு பிறக்கின்றது.

நண்பர் இல்லாத வேளைக்கும் ஒரு வழியுண்டு. அண்ட்ரூ ஹண்ட், டேவிட் தோமஸ் ஆகிய இருவர் 1999இல் வெளியிட்ட செய்நிரல் நூலொன்று, றப்பர் வாத்துப் பொம்மைக்குச் செய்நிரலை வரிவரியாக விளக்கிப் பிழை கண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கின்றது. அன்று முதல் மேசைமீது அத்தகைய பொம்மையை வைத்திருக்கும் செய்நிரலாளர் பலர். வீட்டிலே தம்பி, தங்கையோ, சமையற்கட்டில் வேலை செய்துகொண்டிருக்கும் தாயோ அப்பணியை இன்னும் நன்றாகச் செய்வர். அவர்களுக்குச் செய்நிரல் விளங்கவேண்டும் என்பதில்லை. விளக்க முயலும்போது எவ்விடத்தில் நாக்குத் தடுமாறுகின்றதோ அவ்விடத்திலேதான் பெரும்பாலும் பிழையும் இருக்கும்.

ஐந்தாவது பழக்கம், பிழைகளைப் பதிந்து வைத்தல். 1947 செப்டெம்பர் 9ஆம் நாள், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் இரண்டு என்னும் கணினி பழுதுற்றது. ஆராய்ந்தவர்கள் அதன் ஓர் அஞ்சற்சாவியினுள் விட்டிற்பூச்சி ஒன்று அகப்பட்டிருக்கக் கண்டனர். பொறியியலாளர் பழுதைப் 'பூச்சி' என்று குறிக்கும் வழக்கம் அதற்கு முன்னரே இருந்தது. அன்றோ உண்மைப் பூச்சியே அகப்பட்டது. கிறேஸ் ஹொப்பர் அம்மையார் பிற்காலத்தில் இக்கதையைப் பலமுறை சொல்லி அதனைப் பிரசித்தமாக்கினார். அவர்கள் அப்பூச்சியை எறிந்துவிடவில்லை. நாட்பதிவேட்டிலே ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தனர். பழுது நீங்கினாற் போதும் என்று விட்டுவிடாது, அஃது எங்கே, எவ்வாறு நேர்ந்தது என்று பதிவதே தொழிலின் ஒழுங்கு.

மாணாக்கர் பெரும்பாலும் இதற்கு மாறாகச் செய்கின்றனர். பிழைத்த விடையை அழிறப்பராற் சுத்தமாக அழித்து, சரியான விடையை அதன்மேல் எழுதிவிடுகின்றனர். கொப்பி அழகாகின்றது, பிழையின் நினைவோ அற்றுப்போகின்றது. அதே பிழை அடுத்த மாதம் மீண்டும் வருகின்றது. இக்காலச் செய்நிரலாளர் ஒரு செய்நிரலின் ஒவ்வொரு வடிவத்தையும் அழியாது காத்து, எதனை ஏன் மாற்றினோம் என்ற குறிப்போடு சேமிக்கின்றனர். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிற் என்னும் கருவி இப்பணிக்கே உரியது. கணினி இல்லாத மாணாக்கனுக்கு ஒரு கொப்பி அக்கருவியின் வேலையைச் செய்யும். பிழைத்த வடிவத்தை ஒரு கோட்டினால் மாத்திரம் வெட்டி, கீழே திருத்திய வடிவத்தை எழுதி, நாளும் காரணமும் குறித்தாற் போதும். இவ்வாறு ஆறு வாரம் செய்தவன், தனக்கு வழக்கமாக நேரும் பிழைகள் இன்னின்னவை என்று கண்டுகொள்வான். ஒருவனுக்குச் சுற்றின் எல்லை. மற்றொருவனுக்கு மாறிக்குத் தொடக்கப் பெறுமானம் கொடாமை. வேறொருவனுக்குச் சமக்குறி ஒன்றும் சமக்குறி இரண்டும் மயங்குதல். பரீட்சைக்கு முன்னாளிரவு வாசிக்கவேண்டிய நூல் அப்பதிவேடே.

கடந்த கால வினாத்தாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். அவற்றைச் செய்து பார்த்தல் இன்றியமையாதது. ஆனால் பழைய விடையைப் புதிய வினாவின்மேல் அப்படியே ஏற்றுதல் ஆபத்து. 1996 யூன் 4ஆம் நாள், தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஐரோப்பியரின் ஆரியான் 5 என்னும் உந்துகணை முதன்முறையாக ஏவப்பட்டது. புறப்பட்டு ஏறக்குறைய 40 வினாடியில் அது வானத்திலே சிதறிற்று. முன்னைய ஆரியான் 4இற் குறையின்றிப் பயன்பட்ட செய்நிரற் பகுதி ஒன்று, புதிய கணைக்கும் அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தது. புதிய கணையின் கிடைவேகம் மிகுதி. அதனோடு தொடர்புடைய ஓர் எண்ணை 16 பிற்று அளவுள்ள இடத்தில் அடக்க முற்பட்டபோது, அவ்விடத்தின் உச்ச எல்லையாகிய 32,767ஐ அது கடந்துவிட்டது. செய்நிரல் பழையதாயிருந்ததே அன்றிப் பழுதாயிருக்கவில்லை. சூழ்நிலை மாறியதை எவரும் அதனோடு பொருத்திப் பார்க்கவில்லை. கடந்த ஆண்டு விடையை எழுதப் புகும் மாணாக்கன், இவ்வினாவில் எது மாறியிருக்கின்றது என்று முதலிற் கேட்டுக்கொள்ளல் வேண்டும். வீட்டிற் பயிலும்போதே, ஒவ்வொரு பழைய வினாவிலும் ஒரு நிபந்தனையைத் தானே மாற்றி, மீண்டும் எழுதிப் பழகுதல் நன்று.

இப்பழக்கங்கள் செய்நிரலாக்கத்துக்கு மாத்திரம் உரியன என்று எண்ணலாகாது. 45ஐத் துவித எண்ணாக மாற்றி 101101 என எழுதியவன், அதனைத் திருப்பி 32, 8, 4, 1 எனக் கூட்டி 45 வருகின்றதா என்று பார்த்தல் சோதனையே. தருக்கக் கோவை ஒன்றைச் சுருக்கியவன், சுருக்கு முன்னும் பின்னும் உண்மை அட்டவணை ஒன்றாக இருக்கின்றதா என்று பார்ப்பதும் அவ்வாறே. முறைமைப் பகுப்பாய்வு என்னும் பகுதியில் வரும் தேவை ஆராய்தல், கறுப்புப் பெட்டிச் சோதனை, வெள்ளைப் பெட்டிச் சோதனை முதலியவற்றை வரைவிலக்கணமாக மனனஞ் செய்து துன்புறுவோர், தாமே அவற்றைச் செய்து பழகியிருப்பாராயின் நினைவுக்கு அத்துணைச் சுமை இராது. எனினும், பழக்கம் அறிவுக்குப் பதிலாகாது. பைதனின் இலக்கணமும், தரவுத்தள வினவல் மொழியின் கட்டளைகளும், வலையமைப்பின் அடுக்குகளும் படித்தே அறியவேண்டியவை. அறிந்ததைப் பிழையின்றிப் பயன்படுத்தவே ஒழுங்கு உதவுகின்றது.

கணினி கிடைக்கும் நேரத்தையும் இவ்வொழுங்கே பயனுள்ளதாக்கும். கூடத்திலே ஒருவனுக்கு 20 நிமிடம் கிடைக்கின்றது என்று கொள்வோம். வெறுங்கையோடு சென்று தட்டிப் பார்ப்பவன், தற்செயலாகச் சரிவரும் வரை மாற்றிக்கொண்டே இருக்கின்றான். ஏன் சரிவந்தது என்பதை அறியான். தாளிலே எழுதி, விடை இன்னதென எதிர்பார்த்துக் குறித்துக்கொண்டு செல்பவனோ, பொறி தரும் விடை தன் எதிர்பார்ப்புக்கு மாறாக வரும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று கற்கின்றான். அவனுடைய 20 நிமிடம் மற்றவனுடைய இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைந்ததன்று.

பரீட்சை மண்டபத்திலும் காலத்தைப் பகுக்கும்போது, ஒவ்வொரு செய்நிரல் வினாவுக்கும் இறுதியில் மூன்று நிமிடத்தையேனும் மேசைச் சோதனைக்கு ஒதுக்கிவைக்க வேண்டும். நடுவிலுள்ள பெறுமானம் ஒன்று, எல்லையிலுள்ள பெறுமானம் ஒன்று ஆகிய இரண்டையும் செய்நிரலின் வழியே நடத்திப் பார்க்கலாம். எழுதி முடித்தேன் என்று மகிழ்பவன் மாணாக்கன்; எழுதியதை நம்பாது சோதிப்பவன் செய்நிரலாளன்.

இவ்வொழுங்கின் பயன் பரீட்சையோடு முடிவதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையின் கரைகளை அழித்தபோது, இந்நாட்டுக் கணினித் துறையினர் பலர் தொண்டர்களாகக் கூடி, காணாமற் போனோரைத் தேடவும், முகாம்களின் விவரங்களைப் பதியவும், உதவி வேண்டுவோரையும் தருவோரையும் இணைக்கவும் சகானா என்னும் மென்பொருளை உருவாக்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். எவரும் பார்வையிட்டுத் திருத்தக்கூடியவாறு திறந்த முறையில் அமைந்த அது, பின்னர் 2005ஆம் ஆண்டுப் பாக்கித்தான் நிலநடுக்கம் முதலிய பிறநாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது. சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையிடமிருந்து பெற்றது. அத்தகைய பட்டியலிலே, இறுதியில் உள்ள பெயரைச் செய்நிரல் தவறவிட்டு, இல்லை என்று கூறுமாயின், அதன் பொருளை ஒரு தாயிடம் கேட்டால் தெரியும். ஏழு எண்களில் 58ஐத் தேடிப் பழகும் பிள்ளை உண்மையிற் பழகுவது அந்தப் பொறுப்பையே.

அந்தப் பொறுப்பைப் பழகுவதற்கு விலையுயர்ந்த பொறி முதலில் வேண்டுவதில்லை. ஒரு கொப்பி, ஒரு பென்சில், பிழையைக் காட்ட வெட்கப்படாத நண்பர் மூவர், வாரத்தில் ஒரு பாடவேளையை விட்டுக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தாற் போதும். அவை கிட்டாத பாடசாலை இந்நாட்டில் இல்லை. பெற்றோரும், பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தது என்று கேட்குமுன், இன்று எந்தப் பிழையைக் கண்டுபிடித்தாய் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பாராக. அக்கேள்விக்கு நாள்தோறும் விடை சொல்லப் பழகிய பிள்ளை, பரீட்சை நாளிலே வினாத்தாளைக் கண்டு அஞ்சாது.